லூயிஸ் தீவின் புகை வீடுகள்: போய் வந்தவர்களின் அனுபவம்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோவையும் ஸ்கை தீவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு கப்பல் ஏறி லூயிஸ் தீவுக்கும் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அங்கே மேற்குக் கரையில் ஆர்னால் என்று ஒரு ஊர். அதில் 42-ஆம் எண் கூரை வீட்டில் 1966 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். இப்போது அரசு பராமரிக்கிறது.

குனிந்து உள்ளே போனதும் கண் எரிந்தது. நடுவீட்டில், தரையிலேயே நெருப்பு. மேலே இருந்து ஒரு சங்கிலி இறங்கி, அதன் கொக்கியில் கெட்டில் தொங்குகிறது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள்தான் (செடிகள் மக்கி உருவான மண்) விறகு. மரமே அரிதான தீவு அது. கூரைக் கட்டைக்குக்கூட கடலில் ஒதுங்கிய மரத்தைத்தான் நம்பியிருந்தார்கள். வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறி, கூரையில் வேய்ந்த வைக்கோல் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. அந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது. நம் ஊர்க் கீற்றுக் கொட்டகையில் அடுப்புக்கு மேலே இருக்கும் கூரை மட்டும் வருஷக்கணக்கில் உழைக்குமே, அதே சங்கதி. கூரையைப் பிரிக்கும்போது கரியேறிய பழைய வைக்கோலை வயலுக்கு உரமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆள் குடியில்லாத வீட்டில் இன்றும் தினமும் நெருப்பு மூட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினால் இந்த வீடு பிழைக்காது. அடுப்பு எரிந்தால்தான் அது வீடு.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாந்தே இல்லாமல் இரண்டு கல் சுவர்களை எழுப்பி நடுவில் மண் நிரப்பியிருக்கிறார்கள். கூரை உள்சுவரின் மேல் உட்கார்ந்திருப்பதால் இறவாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அட்லாண்டிக் காற்றுக்குப் பிடித்து இழுக்க எதுவும் அகப்படாது. போதாததற்குக் கூரை மேல் கயிறு போட்டு, முனைகளில் கனமான கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே கூரைதான், குளிர்காலத்தில் மாட்டின் சூடும் வீட்டுக்கு உதவும்.

*

நல்ல பதிவு. நான் அதே கரையில் உள்ள கியாரனனில் தங்கியிருக்கிறேன். கடலோரமாக ஒரு தெரு முழுக்க இப்படிப்பட்ட வீடுகள். கடைசியாகக் குடியிருந்தவர்கள் 1974-இல் வெளியேறினார்கள். பிறகு ஊர்க்காரர்களே ஒரு அறக்கட்டளை அமைத்து வீடுகளைச் செப்பனிட்டு, சிலவற்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஹீட்டர், குளியலறை எல்லாம் உண்டு, புகை கிடையாது. அதனால் இது அசல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி விளக்கு எரிகிறது, ஆட்கள் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். நீங்கள் சொன்ன அடுப்பு நெருப்பு செய்வதைத்தான் இதுவும் வேறு வழியில் செய்கிறது.

ஒரு வீட்டில் மிதித்து ஓட்டும் தறியில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை நெய்து காட்டினார்கள். அந்தப் பெயர் வேண்டுமென்றால் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும் என்று 1993-இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. தறிச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை, ஆனாலும் நகர மனசில்லை.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று: அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் நிறைய. அன்றைக்குப் பார்க்கும் திட்டம் வைக்காதீர்கள். கோடையிலும் மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.