பெரிய வீட்டுக் குழு: காலைக்குள் ஐந்து வடிவம்

கவிதா: நிலா வீட்டுப்பாடத்தில் பந்து வரைந்து வட்டம் என்று எழுதிவிட்டாள். சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி. காலைக்குள் ஐந்து இருபரிமாண வடிவம் வெட்டி ஒட்டி எடுத்துப் போகணுமாம். பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா?

தினேஷ்: பந்து வட்டம் இல்லையா 😳

மாலா அத்தை: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தப்புக் குறியா. பாவம்

சேகர் பெரியப்பா: மிஸ் போட்டது சரிதான்மா. பந்து கோளம். இருபரிமாணம் என்றால் நீளம், அகலம் மட்டும். தடிமன் கிடையாது. லூடோ பகடைகூட கனசதுரம்; அதன் ஒரு முகம்தான் சதுரம். டம்ளரைத் தாளில் கவிழ்த்துச் சுற்றி வரையச் சொல்லு, டம்ளரை எடுத்த பிறகு மிஞ்சும் கோடு வட்டம். தீப்பெட்டியை வைத்து வரைந்தால் செவ்வகம்.

முரளி சித்தப்பா: வெள்ளிக்கிழமை அப்பா திதி. ஐயரிடம் யார் பேசியது?

மாலா அத்தை: நீதானே பேசுகிறேன் என்றாய்

முரளி சித்தப்பா: நான் சொன்னது சமையல்காரரிடம்

கவிதா: வட்டம், செவ்வகம் ஆச்சு. முக்கோணம்?

தினேஷ்: சமோசா

மாலா அத்தை: அது உப்பியிருக்குமேடா

சேகர் பெரியப்பா: மாலாவுக்குப் புரிந்துவிட்டது. கவிதா, ஒரே அளவில் ஏழு ஈர்க்குச்சி எடு. சைக்கிள் வால்வ் டியூபை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, மூலைக்கு ஒரு துண்டு வைத்துக் குச்சிகளைச் செருகு. நான்கு குச்சியில் சதுரம். ஒரு மூலையை விரலால் அழுத்து, சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும். பக்கங்கள் அதே நீளம்தான், செங்கோணம்தான் போச்சு. மீதி மூன்றில் முக்கோணம் செய்து அழுத்திப் பார். அசையாது! மின்கோபுரத்தில் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாகப் பின்னியிருப்பது அதனால்தான்.

கவிதா: இந்நேரத்துக்கு வால்வ் டியூபுக்கு எங்கே போவேன் பெரியப்பா

தினேஷ்: அக்கா, பர்பியைத் தாளில் வைத்து வரை. சாய்சதுரம் ரெடி

மாலா அத்தை: பர்பி செய்தாயா? சொல்லவே இல்லை

கவிதா: கடையில் வாங்கியது அத்தை. கடைசித் துண்டில் நிலா ஒரு மூலையைக் கடித்துவிட்டாள்

சேகர் பெரியப்பா: நேராகக் கடித்திருந்தால் ஐங்கோணம். அதையும் வரை. முக்கோணத்துக்குச் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து வெட்டு. சரிவகமும் சேர்க்கலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜோடி மட்டும் இணையாக இருக்கும், நம் மனை மாதிரி.

முரளி சித்தப்பா: அண்ணே, மனை செவ்வகம். 40க்கு 60. பத்திரத்தில் ஐந்தரை செண்ட்

சேகர் பெரியப்பா: முன்னால் 40 அடி, பின்னால் 34. கூட்டிப் பாதி 37. ஆழம் 60 அடியால் பெருக்கினால் 2220 சதுர அடி. செண்ட் 435.6 சதுர அடி. ஐந்து செண்டும் கொசுறும்தான்.

முரளி சித்தப்பா: அப்போ மீதி 180 சதுர அடி? பின்னால் வேலி போட்டபோது நான் ஊரில் இல்லை

மாலா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்

தினேஷ்: அக்கா சரிவகம் வேண்டாம் 😂

சேகர் பெரியப்பா: வேலி அப்பா சொன்ன இடத்தில்தான் போட்டேன்.

கவிதா: பசை காலி. சோற்றுப் பருக்கையில் ஒட்டுகிறேன். நிலா தூங்கிவிட்டாள், முக்கோணம் நான்தான் வெட்டணும்

முரளி சித்தப்பா: வெள்ளிக்கிழமை மனையை அளக்க டேப் கொண்டுவருகிறேன்

மாலா அத்தை: முதலில் ஐயரைக் கொண்டுவா