தயிர் டப்பாவில் விட்ட தக்காளி நாற்று கழுத்தில் ஒடிந்து சாய்கிறது, என்ன செய்யலாம்?

வளவுக்காரன், காரைக்குடி:

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட, வீட்டில் சேர்ந்து கிடந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டேன். தயிர் டப்பா, கல்யாணத்தில் மீந்த பேப்பர் கப், முட்டை அட்டை, நாலைந்து சிரட்டை. விதை தக்காளி (பி.கே.எம். 1 ரகம்), கத்தரி, முண்டு மிளகாய், கொஞ்சம் பாகல். மண் பின்கட்டுக்கு வெளியே தோண்டிய செம்மண். அதில் சாணி எரு கலந்தேன். வெயிலுக்கும் அணிலுக்கும் பயந்து எல்லாவற்றையும் வளவுக்குள் (வீட்டு நடுமுற்றம்) தூண் ஓரமாக வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன்.

தக்காளி சீக்கிரமே முளைத்தது, ஆனால் மெலிந்து நீண்டு வளர்ந்தது. அப்புறம் ஒரு டப்பாவில் ஓரத்தில் இருந்த நாற்றுகள் படுத்துவிட்டன. மறுநாள் பக்கத்தில் இருந்தவையும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஊறி, கறுத்து, சுருங்கியிருக்கிறது. இலை மட்டும் பச்சையாகவே இருக்கிறது. கத்தரியிலும் இப்போது தொடங்கிவிட்டது. மிளகாயும் பாகலும் தலைகாட்டவே இல்லை. முட்டை அட்டையில் வெள்ளைப் பூஞ்சணம். விதை மோசமா, டப்பா சரியில்லையா? "பிளாஸ்டிக்கில் விதைத்தால் அப்படித்தான்" என்கிறார் அப்பத்தா.

தேவகோட்டை மாடித்தோட்டம்:

டப்பாவில் ஓட்டை எத்தனை, எங்கே? கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா? ஈர மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா? இந்த மூன்றும் தெரியாமல் விதையைக் குறை சொல்ல முடியாது.

வளவுக்காரன்:

தயிர் டப்பாவில் நடுவில் ஒரு ஆணி ஓட்டை. பேப்பர் கப்பில் ஓட்டை இல்லை, காகிதம்தானே, ஊறி வடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கறைபடக்கூடாது என்பதால் எல்லாமே தாம்பாளத்தில் இருக்கிறது, தண்ணீர் கொஞ்சம் தேங்கும். மண் உருண்டை பிடிக்கிறது. காய்ந்தால் செங்கல்தான்.

குன்றக்குடி நர்சரி:

தம்பி, இது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகள் செய்கிற வேலை. ஈரம் வடியாத மண், நெருக்கமான விதைப்பு, காற்றோட்டம் இல்லாத இடம் மூன்றும் சேர்ந்தால் ஓரிரு நாளில் ஒரு டப்பா முழுக்கப் பரவிவிடும். முளைத்த பிறகும் வரும். முளைக்கும் முன்பே மண்ணுக்குள் விதையை அழுக வைப்பதும் உண்டு. மிளகாய் அப்படிப் போயிருக்கலாம், அல்லது வெறுமனே தாமதமாக இருக்கலாம். தக்காளி ஒரு வாரத்துக்குள் வரும், மிளகாய்க்கு 10 நாளுக்கு மேலும் ஆகும். ஒரு விதையைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருங்கள். கூழாக இருந்தால் முடிந்தது.

சாய்ந்தவை பிழைக்காது. அந்த டப்பா மண்ணை அப்படியே தூரக் கொட்டுங்கள், அடுத்த டப்பாவில் கலக்காதீர்கள். நிற்கிற நாற்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்தி, மேல்மண் வெளுத்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். பரவுவது நிற்கவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றலாம். அது வேண்டாம் என்றால் அடுத்த விதைப்பில் டிரைக்கோடெர்மா விரிடி, நோய்ப்பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை. கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. வீட்டுக்கு ஒரு சிட்டிகையை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், காப்பர் அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். டிரைக்கோடெர்மா வேண்டுமானால் எங்கள் ஊர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

புதுவயல் சுப்பு:

அண்ணே, அடியில் ரெண்டு விரல் உயரத்துக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடாதா? நான் தொட்டிக்கு அப்படித்தான் செய்கிறேன்.

தேவகோட்டை மாடித்தோட்டம்:

எல்லோரும் செய்வதுதான், ஆனால் சின்ன டப்பாவுக்கு அது கெடுதல். எந்தப் பாத்திரத்தில் மண் போட்டாலும் அடியில் ஒரு பட்டை சொதசொதவென்றே நிற்கும். அந்தப் பட்டையின் உயரம் மண்ணைப் பொறுத்தது, பாத்திரத்தைப் பொறுத்ததல்ல. ஒரு அடித் தொட்டியில் அது எங்கோ கீழே கிடக்கும். இரண்டரை அங்குலத் தயிர் டப்பாவில் வேர் இருக்கிற இடமே அதுதான். ஜல்லி போட்டால் அந்த ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், மண்ணுக்குத்தான் இடம் குறையும். எனவே மாற்ற வேண்டியது மண்ணை.

நம் ஊர்ச் செம்மண் டப்பாவில் இறுகிவிடும். சலித்த செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு எடுங்கள். சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிக்கிற இடங்களில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சையாகக் கொண்டுவந்து அப்படியே போடக்கூடாது. உப்பும் துவர்ப்பும் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பழுப்பு நீர் வெளுக்கும்வரை பிழிந்து எடுங்கள். அரைகுறையாக மக்கிய சாணி எரு நாற்றுக்கு வேண்டவே வேண்டாம். மண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், கொஞ்சம்தானே தேவை, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு வடித்துப் பயன்படுத்துங்கள்.

ஓட்டை ஒன்று போதாது. அடியில் ஐந்தாறு, அடியை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டு. ஆணியைச் சுட வைத்து வாசலில் நின்று குத்துங்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்க வேண்டாம். தாம்பாளத்தில் இரண்டு ரீப்பர் (மரச்சட்டம்) துண்டு போட்டு டப்பாக்களை அதன் மேல் வையுங்கள். வடிந்த தண்ணீர் தனியே நிற்கும், உங்கள் கல்லும் தப்பிக்கும். ஏற்கெனவே நோய் வந்த டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி, துணிக்குப் போடும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்ததில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசிக் காய வைத்தால் மறுபடி எடுக்கலாம்.

காரைக்குடிக்குப் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினாலும், வடிய வழியில்லை என்றால் அழுகத்தான் செய்யும்!

பள்ளத்தூர் ஆச்சி:

பிளாஸ்டிக் மேல் பழி போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில் வருஷா வருஷம் கத்தரி நாற்று விடுகிறேன். முட்டை அட்டைதான் எனக்குப் பிடிக்காது. குழி சின்னது, காலையில் ஊற்றினால் மத்தியானம் காய்ந்துவிடும். மாலையில் மறுபடி ஊற்றினால் அட்டையே ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வெள்ளைப் பூஞ்சணம் பெரும்பாலும் அட்டையைத் தின்கிறதுதான், நாற்றைத் தின்பதல்ல. சிரட்டை நல்ல பாத்திரம். கண் இருக்கிற பக்கமாக எடுங்கள், மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, கம்பியால் குத்தினால் திறந்துகொள்ளும். மற்ற இரண்டையும் துளைத்துவிடுங்கள். உருண்டு சாயாமல் இருக்க மணலில் பதித்து வைக்கலாம்.

வளவு மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை தம்பி. வானம் தெரிகிறது என்று நினைக்கிறோம், ஆனால் நாலு பக்கமும் தாழ்வாரம், தூண் ஓரத்துக்கு உச்சி வெயில் கொஞ்ச நேரம் விழுந்தால் பெரிசு. அதனால்தான் வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீள்கிறது. முளைக்கிறவரை வளவில் இருக்கட்டும், முளை தெரிந்த அன்றே வெளியே போக வேண்டும். பின்கட்டில் காலை வெயில் விழுகிற சுவர் ஓரம், மேலே பச்சை நிழல்வலை. அணிலுக்குப் பழைய கொசுவலையைக் கவிழ்த்துவிடுங்கள்.

எங்கள் அம்மா நாற்றின் மேல் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். அதையும் செய்து பாருங்கள்.

குன்றக்குடி நர்சரி:

ஆச்சி, சாம்பல் மேல் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். நாற்றழுகலுக்கு அது மருந்து இல்லை. சின்ன டப்பாவில் அதிகம் போட்டால் மண் காரமாகிவிடும். கீரை விதையை எறும்பு தூக்கிப் போகாமல் இருக்கச் சாம்பல் கலந்து விதைப்பது வேறு விஷயம், அது நல்ல பழக்கம்.

பாகல் பற்றி யாரும் சொல்லவில்லை. தோல் தடித்த விதை. கூர்ப்பக்கத்தை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மடித்து வையுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் எடுத்து நடுங்கள். பாகல், புடலை, பீர்க்குக்கெல்லாம் வேர் கலைந்தால் பிடிக்காது. முட்டை அட்டைக் குழி இவற்றுக்குப் போதவே போதாது. பால் கவரின் அடி மூலைகளை நறுக்கிவிட்டு மண் நிரப்பி, கவருக்கு ஒரு விதை. நடும்போது கவரைக் கிழித்து மண்கட்டியோடு இறக்கிவிடலாம். வெண்டை, கொத்தவரை, கீரைக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, நேராகத் தரையில் விதையுங்கள்.

வளவுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மிளகாய் விதை இரண்டைத் தோண்டினேன், கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒன்றில் முளை வெளியே வந்திருக்கிறது. டப்பாக்களை ரீப்பர் மேல் ஏற்றிப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். தக்காளியைப் புது மண்ணில் மறுபடி விதைக்கப் போகிறேன். ஒரு தயிர் டப்பாவில் எத்தனை விதை போடலாம்? பேப்பர் கப்பை அப்படியே குழியில் வைத்து நடலாமா?

தேவகோட்டை மாடித்தோட்டம்:

கப்பை உரித்துவிட்டு நடுங்கள். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதனால்தானே டீ ஒழுகுவதில்லை. காகிதம் மக்கினாலும் அந்தப் பூச்சு மக்காது, வேரும் வெளியே போகாது. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கூடு என்றால் அப்படியே வைக்கலாம், ஆனால் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

சின்ன டப்பாவுக்கு மூன்று விதை, முளைத்ததும் நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். விதையை அதன் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம்.

புதுவயல் சுப்பு:

நீண்டுபோன தக்காளி நாற்று இன்னும் நிற்கிறது என்றால் தூக்கிப்போட வேண்டுமா?

குன்றக்குடி நர்சரி:

கழுத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் போடாதீர்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் வேர் விடும், முதல் இலைவரை புதைத்து நடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அப்படிச் செய்ய வேண்டாம். தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும், கத்தரிக்கு 30, 35 நாள், மிளகாய்க்கு 40 நாள்வரை ஆகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரையும் குறையுங்கள். நடவு சாயங்காலத்தில்தான். மிளகாய் அதிகம் வந்தால் பத்து நாற்று எனக்கு எடுத்து வையுங்கள், முண்டு விதை இந்த வருஷம் என்னிடம் இல்லை.