ஹெட்போனா, இயர்போனா? 15,000 ரூபாவுக்குள்ள, லயத்துக் காம்பராவுக்கு

தலவாக்கலைப் பொண்ணு:

வணக்கம். போனோட வந்த ரப்பர் வச்ச வயர் இயர்போன்லதான் இவ்வளவு நாளும் பாட்டு கேட்டேன். இப்ப கொஞ்சம் சல்லி சேர்ந்திருக்கு, 15,000 வரைக்கும் போகலாம். டவுன்ல கடைக்காரர் தலையில மாட்டுற பெரிய ஹெட்போனைக் காட்டி "இதுலதான் பாஸ் கிழியும்"ங்கிறாரு. தம்பி என்னடான்னா இயர்போனே போதும்ங்கிறான்.

எங்களுக்கு ஒரே காம்பரா. நான் பாட்டுக் கேக்குற நேரம் அப்பாயி பக்கத்துல தூங்குவாங்க, சத்தம் வெளிய வரக்கூடாது. மழை பிடிச்சா தகரத்துல விழுற சத்தத்துல பாட்டோட பாஸ் சுத்தமாக் காணாமப் போயிடுது, வால்யூமை ஏத்திக்கிட்டே போறேன். பாடகிங்க குரல்ல "ச", "ஸ" வர்ற இடமெல்லாம் காதைக் குத்துது. போன்ல இருக்கிற "பாஸ் பூஸ்ட்"டைப் போட்டா குரல் உள்ளுக்குப் போயி எல்லாம் மொத்தையா ஆயிடுது.

இன்னொண்ணு. போன மாசியில தோட்டத்துல நடந்த காமன் கூத்தைத் தம்பி போன்ல ரெக்கோட் பண்ணினான். தப்பு மேளம் அடிக்கிற இடம் வந்தாலே கரகரன்னு கேக்குது. நல்ல ஹெட்போன் வாங்கினா அது சரியாகுமா?

பதுளை பாட்டுப் பைத்தியம்:

கண்ணை மூடிக்கிட்டு ஹெட்போன் வாங்குங்க. பாட்டுல வயலின் எங்க இருக்கு, தபேலா எங்க இருக்குன்னு இடம் பிரிஞ்சு கேக்கணும்னா காதுக்குள்ள சொருகுற சாமான் சரிவராது. ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ் பாருங்க. காதை மூடுற வகை, ஸ்டூடியோ வேலைக்குன்னே செஞ்சது. உங்க பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன வரும்.

ஹட்டன் மைக்செட்டுக்காரன்:

பதுளைத் தம்பி சொல்றதுல இடம் பிரியிற கதை சரிதான். ஆனா அவர் சொல்ற எம்20எக்ஸுக்கு வயர் 3 மீட்டர், கழட்டவும் முடியாது. காம்பராவுல ராத்திரி எழும்பி நடக்கிற ஆள் யாராச்சும் அதுல தடுக்கி விழுந்தா பாட்டும் போச்சு, போனும் போச்சு. மழைச் சத்தத்தைத் தடுக்கிற விஷயத்துலயும் காதை நல்லா அடைக்கிற இயர்போனுக்குக் கிட்ட அது வராது.

தங்கச்சி, நான் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட் கட்டுற ஆள். மிக்ஸர்ல குமிழ் திருகியே விரல் தேஞ்சு போச்சு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன்.

புதுசு வாங்குறதுக்கு முந்தி இருக்கிற இயர்போனோட ரப்பரைப் பாருங்க. பாஸ் நல்லா வர்ற பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, இயர்போனை விரலால மெதுவா உள்ளுக்கு அழுத்துங்க. அழுத்தின உடனே பாஸ் குபீர்னு கூடுதா? அப்படின்னா காதுக்கும் ரப்பருக்கும் நடுவுல சந்து இருக்கு. பாஸ் அந்த வழியாத்தான் ஓடிப்போகுது, மழைச் சத்தமும் அதே வழியாத்தான் உள்ள வருது. பெட்டியில சின்னது, பெருசுன்னு வேற ரப்பர் கிடக்கும், மாத்திப் பாருங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் பிடிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. சொருகிற நேரம் மத்தக் கையைத் தலைக்கு மேலால கொண்டு வந்து காது மடலை மேல இழுத்துப் பிடிங்க, குழாய் நேராகி ரப்பர் உள்ள உக்காரும். இதைச் செய்யாம பாஸ் பத்தலன்னு சல்லி செலவழிக்கிறவங்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன்.

மழைக்கு வால்யூம் ஏத்துறது கெட்ட பழக்கம். உலக சுகாதார அமைப்போட கணக்குப்படி 80 டெசிபெல்லுன்னா பெரியவங்க வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம். 90 ஆயிட்டா வெறும் 4 மணித்தியாலம். பத்து டெசிபெல் ஏறுறது நம்ம காதுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு சத்தமாத்தான் தெரியும், ஆனா கேக்கலாம்ங்கிற நேரம் பத்துல ஒண்ணா இறங்கிடுது. அதனால சத்தத்தைக் கூட்டாதீங்க, காதுக்கும் ரப்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அடைங்க.

இனி ஈக்வலைசர், அதாவது பாஸ், குரல், கீச்சுச் சத்தம்னு பகுதி பகுதியாக் கூட்டிக் குறைக்கிற வசதி. "பாஸ் பூஸ்ட்"ங்கிற பொத்தான்ல கை வைக்காதீங்க. அதுல பெரும்பாலானது பாஸை மட்டும் தூக்காது, 200, 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் சேர்த்துத் தூக்கிடும் (ஹெர்ட்ஸ் எண் சின்னதுன்னா பாஸ் பக்கம், பெருசுன்னா கீச்சுப் பக்கம்). குரலோட கனம் இருக்கிறது அந்த இடத்துலதான், அதான் மொத்தையாகுது. அங்க தலைகீழா 250 பக்கம் 2 டிபி (டெசிபெல்) குறைச்சுப் பாருங்க. பாஸைத் தொடாமலே பாஸ் தெளியும்.

"ஸ" குத்துறது அனேகமா 5,000க்கும் 9,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவுல. எந்த இடம்னு ஆளுக்காள் மாறும், ஏன்னா காதுக் குழாயோட நீளம் ஆளுக்காள் மாறும். கண்டுபிடிக்க நாங்க மிக்ஸர்ல செய்யிற வேலையையே போன்லயும் செய்யலாம். பவரம்ப் ஈக்வலைசர்ங்கிற ஆப்ல பராமெட்ரிக் வகை இருக்கு, அதுல எந்த இடத்தை, எவ்வளவு அகலத்துக்குத் தூக்குறதுன்னு நாமளே வைக்கலாம். வால்யூமை நல்லாக் குறைச்சு வச்சுக்கிட்டு, ஒரு பட்டையைக் குறுகலா வச்சு 6 டிபி தூக்குங்க. பாட்டு ஓட ஓட அதை 5,000ல இருந்து மேல நகர்த்துங்க. ஒரு இடத்துல பல் கூசும். அங்க நிறுத்தி, தூக்கினதை இறக்கி 3 டிபி குறைச்சு விடுங்க. அதுக்கு மேல வெட்டினா பாடகிக்குச் சளி பிடிச்ச மாதிரி ஆயிடும்.

எதையாவது தூக்கியே ஆகணும்னா, எத்தனை டிபி தூக்குறீங்களோ அத்தனை டிபி ப்ரீஅம்ப்ல, அதாவது ஈக்வலைசர்ல மொத்தச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற இடத்துல, இறக்கிடணும். இல்லாட்டி உச்சத்துல சத்தம் உடையும். இன்னொரு காரணமும் இருக்கு. எது சத்தமாக் கேக்குதோ அதைத்தான் காது "நல்லா இருக்கு"ன்னு சொல்லும். கடைக்காரங்க அதை வச்சுத்தான் யாவாரமே பண்றாங்க. ரெண்டு இயர்போனை ஒப்பிடுறதுன்னாலும், ஈக்வலைசர் போட்டதுக்கும் போடாததுக்கும் ஒப்பிடுறதுன்னாலும், முதல்ல சத்தத்தைச் சமமாக்குங்க.

புது இயர்போன் வாங்குறதுன்னா செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ 2 இல்லாட்டி மூன்டிராப் சூ 2. ரெண்டும் 2023ல வந்தது, ரெண்டுலயும் வயரைக் கழட்டலாம். நம்ம பக்கம் முதல்ல சாகிறது வயர்தான், அதை மட்டும் மாத்திக்கலாம். பட்ஜெட்டுல மிச்சமும் வரும். பாஸ் பிரியர்னா ஸீரோ 2. இப்படித் தெரிஞ்ச மொடல் வாங்குறதுல இன்னொரு லாபம், வேவ்லெட்ங்கிற ஆப்ல மொடல் பேரைத் தேடி எடுத்தா ஓட்டோஈக்யூ திருத்தம், அதாவது அந்த மொடலுக்குன்னே கணக்குப் போட்டு வச்ச ஈக்வலைசர் அமைப்பு, ஆயத்தமா இருக்கும். அது பெரும்பாலும் ஹார்மன் வளைவை நோக்கிப் போகும், பாஸ்ல இருந்து கீச்சு வரைக்கும் எது எவ்வளவு சத்தமா இருந்தா நல்லா இருக்கும்னு காட்டுற கோடு அது. ஷோன் ஒலிவ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 2013 அளவுல ஆரம்பிச்சு, நிறையப் பேரைக் கேக்க வச்சு எடுத்த வளைவு அது. அதைக் கேட்டவங்கள்ல ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு பேருக்குத்தான் அது அப்படியே பிடிச்சுது. மத்தவங்க பாஸைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டாங்க. நீங்களும் அதை அஸ்திவாரமா வச்சுக்கிட்டு மேல உங்க ருசிக்குத் திருகுங்க.

தப்பு மேள ரெக்கோடிங்கை எந்த ஹெட்போனும் காப்பாத்தாது. தீயில காய்ச்சி எடுத்த உடனே தப்பு எவ்வளவு கூர்மையா வெடிக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்த அடியைக் கிட்ட இருந்து போன் மைக் தாங்காது. அலையோட உச்சி வெட்டுப்பட்டுத்தான் பதிவாயிருக்கும், வெட்டுப்பட்டது திரும்ப முளைக்காது. ஈக்வலைசர்ல 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சம் இறக்கினா கரகரப்பு மட்டும் அடங்கும். அடுத்த மாசிக்குத் தம்பியைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வெட்டவெளியில தூரத்தை ரெண்டு மடங்காக்கினா 6 டிபி குறையும்.

பதுளை பாட்டுப் பைத்தியம்:

3 மீட்டர் வயரை மறந்துட்டேன் அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனாலும் மழை இல்லாத நாள்ல, தனியா இருந்து கேக்குறவங்களுக்கு ஹெட்போன்தான். இதை மாத்திக்க மாட்டேன்.

ஹட்டன் மைக்செட்டுக்காரன்:

தலவாக்கலையில மழை இல்லாத நாளா? இருந்தாச் சொல்லி அனுப்புங்க, நானும் வாறேன்.

நுவரெலியா குளிர்:

ஒண்ணு சேர்த்துக்கிறேன். எங்க பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் ஹெட்போனோட காது மெத்தை பூஞ்சணம் பிடிக்குது, தோல் மாதிரி இருக்கிறது உரிஞ்சு கொட்டுது. இயர்போன்லயும் குழாய் வாயில இருக்கிற சின்ன வலையில ஈரமும் காதழுக்கும் அடைச்சா ஒரு பக்கம் சத்தம் குறையும், உடனே பழுதுன்னு முடிவு கட்டாதீங்க. இயர்போனோட அந்தக் குழாய் வாயைக் கீழ பார்க்கப் பிடிச்சுக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க. ராத்திரி மூடி இருக்கிற டப்பாவுல சிலிக்கா ஜெல் பக்கட்டோட போட்டு வைங்க, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள கிடக்குமே, அதுதான்.

தலவாக்கலைப் பொண்ணு:

மைக்செட் அண்ணே, நன்றி. நேத்து ராத்திரியே பார்த்தேன். இடது பக்கம் அழுத்தினா பாஸ் கூடுது, வலது பக்கம் அப்படியே இருக்கு. இடதுக்குப் பெரிய ரப்பர் போட்டேன், வலதுக்கு நடு சைஸே சரி. மழையும் நல்லா வந்துச்சு, வழக்கமா வைக்கிறதை விட வால்யூம் குறைவாத்தான் வச்சேன், பாஸ் தெரியுது. "ஸ" எனக்குக் குத்துறது 6,800 பக்கம். 3 டிபி குறைச்சதும் அடங்கிருச்சு, 4 வச்சா நீங்க சொன்ன சளிதான்.

ஸீரோ 2 வாங்கலாம்னு இருக்கேன், ஆனா அவசரம் இல்ல. மிஞ்சுற சல்லியில தம்பி மைக் கேக்குறான். ரெக்கோட் பண்றதுக்குத் தனி மைக் பத்தி இங்கயே கேக்கலாமா, வேற இழை திறக்கணுமா?

ஹட்டன் மைக்செட்டுக்காரன்:

வேற இழை திறங்க. மைக் கதையை இங்க ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்.