‘முத்தையா வீடு’ குழு: அப்பாவுக்கு எந்த ஸ்டென்ட்?

செவ்வாய், மாலை 6:12

சரவணன்: ஆஞ்சியோ முடிந்தது. இதயத்தில் ஒரு ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு. நாளைக் காலையில் அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் (வலை போன்ற சின்னக் குழாய்) வைக்கிறார்கள். அப்பா நன்றாகப் பேசுகிறார். இந்தியத் தயாரிப்பு சூப்ராஃப்ளெக்ஸ், வெளிநாடு சையன்ஸ், எது என்று ராத்திரிக்குள் சொல்ல வேண்டுமாம்.

செல்வி அத்தை: முருகா

செல்வி அத்தை: கையிலா தொடையிலா

சரவணன்: கை அத்தை. மணிக்கட்டு வழியாக.

கார்த்தி துபாய்: வெளிநாடுதான். யோசிக்கவே வேண்டாம். பணம் நான் அனுப்புகிறேன்.

முருகேசன் சித்தப்பா: அதுதான் சரி. 2016ல் எனக்கு வைத்தது இம்போர்ட்டட். ஸ்டென்ட்டுக்கு மட்டும் 1,20,000. இன்று வரை ஒரு தொந்தரவு இல்லை.

செல்வி அத்தை: அந்தப் பணம் யார் கொடுத்தது முருகேசா

முருகேசன் சித்தப்பா: அக்கா, இப்போது அது எதற்கு

செல்வி அத்தை: கிணற்றடி நிலத்தை விற்று அண்ணன் கொடுத்தது. சொன்னேன், அவ்வளவுதான்.

மீனா: அப்பா, அத்தை, கொஞ்சம் இருங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து தடவிய ஸ்டென்ட் அப்போது 29,600 ரூபாய். உள்நாடோ வெளிநாடோ ஒரே வரம்புதான். 1,20,000 கொடுத்ததால் உங்களுடையது உசத்தி என்று ஆகாது அப்பா.

முருகேசன் சித்தப்பா: சரி சரி

மீனா: சரவணன் அண்ணா, நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள். எட்டு வருடமாக, ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் நிற்கிறேன், வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள். சூப்ராஃப்ளெக்ஸ் சூரத் கம்பெனியுடையது. அதையும் சையன்ஸையும் நேருக்கு நேர் வைத்து டேலன்ட் என்று ஓர் ஆய்வு நடந்தது. இங்கே இல்லை, ஐரோப்பாவில். 7 நாடு, 23 மருத்துவமனை, 1,435 பேர். யாருக்கு எது என்று முடிவு செய்தது குலுக்கல். எது வைத்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது. டாக்டரையே எடுக்கச் சொன்னால் சிக்கலான கேஸுக்குப் பழகிய ஸ்டென்ட்டைத்தான் கை தேடும். அப்புறம் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்வி அத்தை: சயின்ஸ் என்றா பெயர்

மீனா: சையன்ஸ் அத்தை, அமெரிக்கக் கம்பெனி. ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். இதயத்தால் மரணம், அந்தக் குழாயால் மாரடைப்பு, அதே இடத்தில் மறுபடி சிகிச்சை, மூன்றும் சேர்த்து சூரத் ஸ்டென்ட்டில் 4.9 சதவீதம், சையன்ஸில் 5.3. இதை வைத்து நம்முடையது ஜெயித்தது என்று சொல்லக் கூடாது. சளைத்ததில்லை, அதுதான் நிரூபணம் ஆனது. 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

பிரியா: வெள்ளிக்கிழமை வளைகாப்பைத் தள்ளிப்போடலாமா? பெரிய மாமா இல்லாமல் எப்படி

அம்மா: தள்ளாதே கண்ணு. அவருக்குத் தெரிந்தால் என்னைத்தான் திட்டுவார்

செல்வி அத்தை: சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று மதினி, அதுதான் யோசனை

கார்த்தி துபாய்: மீனா, அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பு. அப்பாவுக்குச் சர்க்கரை 20 வருடம்.

மீனா: நியாயமான கேள்வி அண்ணா. சர்க்கரை உள்ளவர்களை மட்டும் எடுத்து நம் நாட்டிலேயே டக்சீடோ என்று ஓர் ஆய்வு நடந்தது. 1,830 பேர், 2015ல் முடிவு வந்தது. மோதிய இரண்டுமே அமெரிக்க ஸ்டென்ட். ஒரு வருடத்தில் பாக்லிடாக்சல் மருந்து தடவியது 5.6 சதவீதம் பேருக்குக் கைவிட்டது, எவரோலிமஸ் மருந்து தடவியது 2.9 சதவீதம் பேருக்குத்தான். இரண்டும் வெளிநாடு, பாதிக்குப் பாதி வித்தியாசம். என்ன மருந்து தடவியிருக்கிறது என்று பாருங்கள். பெரியப்பாவுக்குச் சொன்ன இரண்டிலும் பாக்லிடாக்சல் கிடையாது.

கார்த்தி துபாய்: அந்த 2.9 எது

மீனா: சையன்ஸ்

கார்த்தி துபாய்: அப்புறம் என்ன? நான் சொன்னதுதானே

மீனா: அது நல்ல ஸ்டென்ட்தான் அண்ணா, வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த நல்ல ஸ்டென்ட்டோடு மோதித்தான் சூரத் ஸ்டென்ட் நின்றது. எதை வைத்தாலும் எனக்கு நிம்மதி. என் பயம் வேறு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், இரண்டையும் பெரியப்பா ஒரு நாள் கூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும், அப்போது எந்த நாட்டு ஸ்டென்ட்டும் காப்பாற்றாது.

அம்மா: தைப்பூசத்துக்குப் பழநி நடந்தபோது மாத்திரைப் பையை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார்

சரவணன்: இது எனக்கு ஏன் தெரியாது

அம்மா: சொன்னால் நீ கத்துவாய்

மீனா: பெரியம்மா, காலை மாத்திரையைப் போட்டதும் எனக்கு ஒரு போன். தினமும். நான் டியூட்டியில் இருந்தாலும் எடுப்பேன்.

அம்மா: சரி கண்ணு

முருகேசன் சித்தப்பா: ராத்திரி நான் வந்து இருக்கிறேன் சரவணா. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு

செல்வி அத்தை: இப்போதாவது தோன்றியதே

சரவணன்: அத்தை, வேண்டாம்.

கார்த்தி துபாய்: அண்ணா, டாக்டரிடம் நானே ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

சரவணன்: 8 மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார். வீடியோ காலில் இரு. அவர் எதைச் சொல்கிறாரோ அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

கார்த்தி துபாய்: முதலில் பேசுகிறேன்

பிரியா: அப்படியானால் வெள்ளிக்கிழமை?

அம்மா: அவர் வடை கேட்கிறார். கொடுக்கலாமா

மீனா: பெரியம்மா!!