வேல்ஸ் மலையில் ஒரு நாள்: க்ரீப் கோக்கா, ட்ரவனா?

செந்தூல் நடையன்:
குழுவில் பத்துப் பேர், செப்டம்பர் கடைசியில் வட வேல்ஸ் போகிறோம். ஒரு நாள் ஸ்க்ராம்பிளிங்குக்கு (கையும் காலும் ஊன்றிப் பாறை ஏறுவது) ஒதுக்கியாச்சு. எல்லாரும் குனோங் நுவாங் ஏறியவர்கள்தான், ஆனால் புக்கிட் தாபூர் மாதிரி கை ஊன்றி ஏறிய பழக்கம் நாலு பேருக்குத்தான். க்ரீப் கோக், ட்ரவன், இதில் எந்த மலை சரி? கயிறு வேணுமா? கம்போங் சப்பாத்து (ரப்பர் சப்பாத்து) போதுமா?

ஆயர் ஈத்தாம் ஏணி:
ட்ரவன் வடக்கு முகடு. (எழுதுவது எஃப் போட்டு, ஆனால் வெல்ஷ்காரர் வாயில் அது வ.) இரண்டுமே பிரிட்டிஷ் ஸ்க்ராம்பிளிங் கணக்கில் முதல் கிரேடுதான், அதாவது எளிய தரம்; அதை நம்பி ஏமாறாதீங்க. க்ரீப் கோக் 923 மீட்டர், கத்திமுனை மாதிரி முகடு. நடுவில் ஒருத்தர் பயந்து உட்கார்ந்தால் ஒதுங்க வழியில்லை, பின்னால் வருகிற எல்லாரும் காற்றில் நிற்கணும். ட்ரவன் 917 மீட்டர். முகடு அகலம், ஒரு பாறை ஒத்துவராவிட்டால் பக்கத்திலேயே வேறு வழி கிடைக்கும்.

ஓக்வென் ஏரி ஓரம் ஏ5 சாலையில் தொடங்கினால் ஏறவேண்டியது சுமார் 600 மீட்டர். நிறைய பேர் வழி தவறுவது முதல் அரை மணியில். இடப்பக்கம் ரொம்பப் போனால் ஹெதர் டெரஸ் என்கிற பாதையில் மாட்டுவீங்க. வலப்பக்கம் பெரிய சுவர், கால் மட்டும் சுகமாக நடக்கிறது என்றால் முகட்டை விட்டாச்சு, திரும்புங்க. மேற்கே ஒதுங்கினால் கல் உருளும் ஓடைப் பள்ளங்கள்.

மேலே வடக்குக் கோபுரம் என்கிற பாறை தாண்டி, முகட்டில் உள்ள ஒரு வெட்டுக்குள் இறங்கணும். புதியவர்கள் திணறுவது இங்கேதான், காரணம் வெளியே பார்த்து இறங்குவது. பாறையைப் பார்த்துத் திரும்பி, காலை முதலில் இறக்குங்க. உச்சியில் ஆதாம், ஏவாள் என்று இரண்டு கல் தூண். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவுவது வழக்கம். ஈரமாக இருந்தால் படம் மட்டும் எடுங்க.

தெற்கே புல்க் ட்ரவன் கணவாயில் முடிவெடுங்க. மணி ஒன்றுக்குள் வந்து, வானமும் தெளிவு என்றால் பிரிஸ்ட்லி ரிட்ஜ் என்கிற முகடு வழியாக அடுத்த மலை க்ளிடர் வாக் (994 மீட்டர்). இல்லையென்றால் போக்லுயித் ஏரி வழியாகக் கீழே. செப்டம்பர் கடைசியில் ஏழு மணியளவில் சூரியன் மறைஞ்சிடும். பத்துப் பேரும் ஒரே வரிசையில் போகாதீங்க, ஐந்து ஐந்தாகப் பிரியுங்க. ஒருத்தருக்கு நேர் கீழே இன்னொருத்தர் நிற்கக் கூடாது.

தாமான் மெலாவத்தி:
கம்போங் சப்பாத்து நம்ம ஊர்ச் சேற்றுக்கும் வேருக்கும் ராஜா. அதன் அடி மெல்லியதாக இருப்பதால் அங்கே கூரான கல் குத்தும், தண்ணீர் புகுந்தால் விரல் மரத்துப்போகும். அடி கெட்டியான மலைச் சப்பாத்து வாங்கி இங்கேயே ஒரு மாசம் போட்டுப் பழகுங்க.

குளிர்தான் நம்மவர்களை அதிகம் கவிழ்க்கும். கோலாலம்பூரில் 33 டிகிரி, அந்த உச்சியில் 5 டிகிரியும் காற்றும் சேர்ந்து வரலாம். பருத்தி டி-ஷர்ட் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். பாலியெஸ்டர் உள்சட்டை, ஃப்ளீஸ், தொப்பி வைத்த மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. கையுறை இரண்டு ஜோடி, முதல் ஜோடி பாறையிலேயே நனைஞ்சிடும். ஹெல்மெட், தலைவிளக்கு, விசில், ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஐவருக்கு ஒரு ஷெல்டர் பை (காற்று, மழைக்கு எல்லாரும் உள்ளே ஒதுங்கும் பெரிய துணிப்பை). வரைபடம் ஓஎஸ் (பிரிட்டிஷ் நில அளவை நிறுவனம்) ஓஎல்17. கைப்பேசி பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துப்போகும்.

பத்துமலைச் சுண்ணாம்பு:
கயிறு பற்றி யாரும் சொல்லலை. கயிறு இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வராது. பாறையில் கட்டாமல் பத்துப் பேரையும் ஒரே கயிற்றில் கோர்த்தால், ஒருத்தர் வழுக்க, மற்றவர்களும் கூடவே. பாறை முனையில் ஸ்லிங் (நாடா வளையம்) மாட்டி பிலே கொடுக்க, அதாவது விழுகிறவரைக் கயிற்றால் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால் 30 மீட்டர் கயிறு, இரண்டு 120 செ.மீ. ஸ்லிங், நாலு ஸ்க்ரூ காரபினர் (திருகிப் பூட்டும் கொக்கி வளையம்) எடுங்க. இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு உள்ளூர் வழிகாட்டி.

பயிற்சிக்கு பத்துமலையில் டமாய் என்கிற பாறைச் சுவரில், பை மாட்டி, மலைச் சப்பாத்தோடு இறங்கிப் பழகுங்க. எல்லாரும் ஏறத்தான் பழகுகிறார்கள். பிடியை வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்க. தட்டிப் பார்த்து டொக்கு என்று வெறுஞ்சத்தம் வந்தால் தொடவேண்டாம். தாபூர் போனால் பெர்மிட் கேட்டுக்கொண்டு போங்க.

செந்தூல் நடையன்:
நன்றி. யாராவது அடிபட்டால்?

ஆயர் ஈத்தாம் ஏணி:
999 அடித்து முதலில் போலீஸ் கேளுங்க, பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று சொல்லுங்க. நேரே ஆம்புலன்ஸ் கேட்டால் சுற்றி வரும். வருகிறவர்கள் தொண்டர்கள், காசு கேட்க மாட்டார்கள். லைன் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். மூன்று விசில் பதிலாக வந்தாலும் நீங்கள் நிறுத்தாதீங்க, சத்தத்தை வைத்துத்தான் தேடி வருவாங்க.