திருநெல்வேலியில் பழைய கார்: எடுக்கலாமா?

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பழைய கார் வேண்டும். பட்ஜெட் நாலு லட்சம். ஒரு மாதமாக அலைகிறேன்.

முதல் வண்டி மீட்டரில் 42,000 கி.மீ., கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது; மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்று சந்தேகம். சர்வீஸ் ரெக்கார்டு கேட்டேன், புரோக்கர் போனையே எடுப்பதில்லை. அடுத்ததில் ஸ்டெப்னிக்கு அடியில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஒரே ஓனர், 61,000 கி.மீ. 4.2 லட்சம் சொல்கிறார். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டி விலையே இறங்கிவிட்டது, இவர் இறங்கவில்லை. சரி, அதைப் பேசிக்கொள்ளலாம். ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று விநாடி 'டகடக' சத்தம், அப்புறம் அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினில் பிரச்சினை என்கிறார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்கிறார்.

இந்தச் சத்தத்தோடு வண்டியை எடுக்கலாமா?