ஓணத்துக்கு நான் நிற்கிறேன், பொங்கலுக்கு யாரும் நிற்பதில்லை: ஷிப்ட் மாற்றிக்கொள்வது பற்றி

எட்டிமடைப் பயணி:
கேரளாவில், பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் லேபில் வேலை, மூன்று ஷிப்ட். பகல் என்றால் எட்டிமடையில் மெமு ரயில் ஏறிவிடுவேன், இரவு என்றால் வண்டியில் வாளையார் தாண்டிப் போகணும். எங்கள் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து வருவது நான் மட்டும்தான், மற்ற மூன்று பேரும் பாலக்காடு, ஆலத்தூர் பக்கம். நல்ல பழக்கம்தான். சாப்பாடு ஒன்றாகத்தான், என் டப்பாவில் கொள்ளுப் பருப்பு இருந்தால் எனக்கு மிஞ்சாது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது இவர்களில் ஒருவர் ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருந்தார். அதனால் சும்மா வேலையிடத்துப் பழக்கம் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

விஷயம் இதுதான். திருவோணம், அதற்கு மறுநாள், கிறிஸ்துமஸ் ராத்திரி, எல்லாவற்றுக்கும் நான்தான் மாற்றிக்கொண்டு நிற்கிறேன். யாரும் மிரட்டவில்லை, கேட்டார்கள், சரி என்றேன். போன பொங்கலுக்கு நான் கேட்டேன். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள் இல்லையா, அது வியாழக்கிழமை வந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்துவிடும் என்று மூன்று பேரும் குடும்பத்தோடு மூணாறு கிளம்பிவிட்டார்கள். நம் பண்டிகைக்கு விட்ட லீவில் அவர்கள் மூணாறு, நான் லேபில் சாம்பிள் எடுத்துக்கொண்டு! கேட்டபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, "நீ தினமும் வீட்டுக்குப் போறவன்தானே" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனிமேல் முடியாது என்று சொல்லிவிடலாமா? இதை மலையாளி, தமிழன் சண்டையாக்க எனக்கு விருப்பம் இல்லை.

செங்கோட்டை அக்கா:
தம்பி, ஒன்று கேட்கிறேன், நீங்கள் எப்போது கேட்டீர்கள்? புனலூரில் ஒரு அலுவலகத்தில் ரொம்ப வருஷம் இருந்தவள் நான். அங்கே ஓண லீவுக்கு நம் ஆடி மாதத்திலேயே, அவர்கள் கர்க்கடகம் என்பார்கள், பேச்சு ஆரம்பித்துவிடும். யார் எந்த நாள் வருவது, யார் அம்மா வீட்டுக்கு முதலில் போவது எல்லாம் அப்போதே முடிவாகிவிடும். நாம்தான் மார்கழி பாதியில் போய் மெதுவாக இழுப்போம். அதற்குள் மூணாறில் ரூம் போட்டிருப்பார்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல் எப்படி என்று அவர்களுக்குத் தெரியுமா? பொங்கல் என்றால் காலையில் ஒரு பானை வைத்து இறக்கினால் முடிந்தது என்றுதான் அங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த "தினமும் வீட்டுக்குப் போறவன்" பேச்சு அதில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்த மனிதரிடம் இதைச் சொல்ல ஏன் தயக்கம்?

கஞ்சிக்கோடு பழைய கை:
அக்கா சொல்வது சரி, ஆனால் எனக்கு வேறு கவலை. நீங்கள் மாற்றிக்கொள்வது பதிவில் இருக்கிறதா, இல்லை வாய்ப்பேச்சுதானா? ரோஸ்டரில் அவர் பெயர், மெஷின் பக்கத்தில் நீங்கள் என்றிருந்து ஏதாவது அடிபட்டால் இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை எழுதும்போது அலைய வேண்டியது நீங்கள்தான். அவர் ஷிப்டையும் உங்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் இன்னும் மோசம். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் தரவேண்டிய வேலையை, நட்புக்காக என்று கம்பெனிக்குச் சும்மா செய்து கொடுத்திருப்பீர்கள்.

இன்னொன்று, அந்த உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான், தொழிற்சாலைக்குத் தானாக வராது. கேரளாவில் தொழிற்சாலைகளுக்கு 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நாளில் வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளமும் மாற்று விடுமுறையும். திருவோணத்தன்று நின்றதற்கு அந்த மாற்று விடுமுறை யார் கணக்கில் ஏறியது என்று பாருங்கள். அது உங்களுடையது என்றால் பொங்கலுக்கு யாரிடமும் கெஞ்சவே வேண்டாம்.

எட்டிமடைப் பயணி:
ரோஸ்டரில் எழுதித்தான் மாற்றினோம், அதில் பிரச்சனை இல்லைங்க. மாற்று விடுமுறையைப் பார்க்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா, எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல்தான் பெரிசு. பட்டியில் சாணத்தால் கரை கட்டித் தெப்பக்குளம் வைத்து, தண்ணீர் ஊற்றி, மாடு கன்றை அதைத் தாண்ட விடுவோம். பட்டிப் பொங்கலுக்கு ஆண் ஆள் இல்லையென்று இந்தத் தடவை அம்மா பக்கத்துத் தோட்டத்துப் பையனைக் கூப்பிட்டு விட்டிருக்கிறது. ஆனால் இதையெல்லாம் விளக்கித்தான் ஒரு நாள் வாங்கவேண்டும் என்றால் அது என்ன நட்பு? நான் ஓணத்துக்கு யாரிடமும் விளக்கம் கேட்கவில்லையே.

தடா கம்பெனி பஸ்:
கேட்கவில்லைதான், ஆனால் ஓணம் என்னவென்று சொல்ல ஊரே இருக்கிறது, பூக்களம் கம்பெனி வாசலிலேயே போடுவார்கள். உங்கள் பட்டிப் பொங்கலுக்கு அங்கே நீங்கள் ஒரு ஆள்தான்.

நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திராவில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவன். உங்களுக்கு இருக்கிற வசதி எங்களுக்குக் கிடையாது சார். தெலுங்குக்காரர்களுக்குப் போகி, சங்கராந்தி, கனுமா, நமக்கும் அதே மூன்று நாள். யாரும் யாருக்கும் நிற்க முடியாது. முதல் வருஷம் வாய்ச்சண்டை ஆகி ரெண்டு பேர் கேன்டீனில் தனித்தனி மேசை. அப்புறம் லைன் லீடர் ஒரு அம்மா, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இந்த வருஷம் கனுமாவுக்கு நின்றவருக்கு அடுத்த வருஷம் முதல் தேர்வு, அது நோட்டில் ஏறிவிடும். உங்களுக்கு ஓணம் ஆவணியில், பொங்கல் தையில், மோதவே இல்லை. ஓணத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வருவார்கள் இல்லையா, அன்றைக்கே அதே பேப்பரில் மாட்டுப் பொங்கலுக்கு அவர் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் சிரித்தார் என்றால் அப்போது பேசலாம். சித்திரைக் கனியும் விஷுவும்தான் உங்களுக்கு ஒரே சமயத்தில் வரும், அதற்கு வேண்டுமானால் சீட்டுக் குலுக்குங்கள்.